கடலைப் பார்த்த டேபிளுக்கு எவ்வளவு?

போன இதழ்ல பிரான்ஸ்ல இருக்குற மார்சேய் ஊரைப் பத்தி நாலு வரி எழுதிட்டு, அந்த ஊர் பழைய துறைமுகத்துல ஒரு கடையில உக்காந்து சாப்பிட்டு முழிச்ச கதையை அப்புறம் சொல்றேன்னு விட்டிருந்தேன். அவ்ளோதான், போஸ்ட் கார்டு, வாட்ஸ்அப், ரெண்டு பேர் ஆபீசுக்கே போன் வேற. அதனால இந்த வாரம் முழுக்க சாப்பாடுதான். இடுப்பு வலி பத்தி கேட்டவங்க அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கங்க.

என் பையன் பிரான்ஸ்ல வேலை பாக்குறான். ஜூன் மாசம் நானும் அவங்க அப்பாவும் போறோம். எங்க 30-வது கல்யாண நாளுக்கு மார்சேய்ல கடலோர ரெஸ்டாரண்ட்ல சாப்பாடுன்னு முடிவே பண்ணிட்டான். அவருக்கு மீன்னா உயிர். எனக்கோ பில்லை நினைச்சா இப்பவே படபடங்குது. அங்க எப்படி நடந்துக்கணும், எவ்ளோ ஆகும்?
– வாசகி, மடிப்பாக்கம்

அம்மா, முதல்ல என் கதையைக் கேளுங்க, உங்க கேள்விக்கு பாதி பதில் அதுலயே இருக்கு.

பழைய துறைமுகம்னா அது ஊருக்கு நடுவுலயே இருக்கு, மூணு பக்கமும் கடைகள், நடுவுல தண்ணி, பூரா பாய்மரப் படகுங்க, தெக்கு பக்கம் மலை மேல தங்க மாதா சிலை வச்ச தேவாலயம், சாயந்திரம் வெயில் சாயுறப்ப அந்த சிலை மின்னுறதைப் பார்த்தா யாருக்கும் பர்ஸ் தானா திறந்துக்கும். நானும் என் வீட்டம்மாவும் முதல் வரிசை டேபிள்ல உக்காந்தோம். மெனுவுல 'லூ'ன்னு ஒரு மீன், நம்ம கொடுவா மாதிரி வெள்ளை சதை, பக்கத்துல 11 யூரோன்னு போட்டிருந்தது. ஒரு முழு மீன் 11 யூரோவா, பிரான்ஸ் காஸ்ட்லின்னு எவன் சொன்னான்னு வீட்டம்மாகிட்ட பெருமை வேற பேசிக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல சர்வர் ஒரு தட்டுல பச்சை மீனை வச்சு எடுத்துட்டு வந்து காட்டினாரு, என்னமோ கடகடன்னு கேட்டாரு. நான் நம்மூர் ஸ்டைல்ல தலையை ஆட்டினேன், சரின்னும் இல்லாம வேணாம்னும் இல்லாம ஒரு ஆட்டு. அவரு சரின்னு எடுத்துக்கிட்டு போயிட்டாரு.

மீன் பிரமாதம். பொய் சொல்லக் கூடாது. பில்லு வந்தப்பதான் தெரிஞ்சுது, அந்த 11 யூரோ 100 கிராமுக்கு. எறும்பு எழுத்துல மெனுவுலயே போட்டிருக்கான், நான்தான் பாக்கல. மீன் 900 கிராம். மீனுக்கு மட்டும் 99 யூரோ. அவரு தட்டுல கொண்டாந்து காட்டினதே, இந்த சைஸ் போதுமான்னு கேக்கத்தான்.

எனக்கு காசு போனதை விட எது வலிச்சுதுன்னா, காசிமேட்டுல ஒரு கிலோ சங்கரா வாங்க நாலு கூடை பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணு உள்ள போயிருக்கான்னு பார்த்து, தராசு முள்ளை முறைச்சுப் பார்த்து, அப்பவும் அம்பது ரூபா குறைச்சுக்கொடுன்னு நிக்கிற ஆளு நான். அதே ஆளு வெள்ளைச் சட்டை போட்டவரு முன்னாடி வாயை மூடிக்கிட்டு தலையாட்டி பொம்மை ஆயிட்டேன். அதனால உங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், மீன் வாங்குற அந்த மடிப்பாக்கத்து அம்மாவாவே அந்த கடைக்குள்ள போங்க. தட்டுல மீன் வரும்போது "எவ்ளோ கிராம், மொத்தம் எவ்ளோ ஆகும்"னு பையனை விட்டு கேக்கச் சொல்லுங்க. பெருசா இருந்தா சின்னது எடுத்துட்டு வரச் சொல்லலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, அங்க இருக்கிறவங்களும் அப்படித்தான் கேக்குறாங்க, நான் அப்புறம் கவனிச்சேன்.

அந்த ஊர்ல கடை வாசல்லயே விலையோட மெனு மாட்டணும்னு சட்டம். நின்னு நிதானமா படிங்க, உள்ள போகாம திரும்பி வந்தாலும் கேள்வி கிடையாது. வாசல்ல ஒரு ஆள் நின்னு ரங்கநாதன் தெரு மாதிரி வாங்க வாங்கன்னு கூப்பிட்டா, மெனுவுல ஆறு பாஷையும் கலர் போட்டோவும் இருந்தா, நடையைக் கட்டுங்க. 'மெனு'ன்னா அங்க நம்ம மீல்ஸ் மாதிரி ஒரே விலைக்கு ரெண்டு மூணு ஐட்டம் சேர்ந்த செட்டு, தனித்தனியா ஆர்டர் பண்றது 'கார்த்'. 'ஆந்த்ரே'ன்னா முதல்ல வர்ற சின்ன ஐட்டம், அதையே சாப்பாடுன்னு நினைச்சு ரெண்டு சொல்லிடாதீங்க.

கல்யாண நாளுங்கிறதால ஒரு இடம் சொல்றேன். கடலோர ரோடு ஒரு பாலம் மாதிரி போகும், அந்த பாலத்து வளைவுக்கு கீழ 'வலோன் தெஸ் ஓஃப்'னு ஒரு குட்டி மீனவர் துறை, சின்னச் சின்ன கலர் படகுங்க, ரெண்டு மூணு ரெஸ்டாரண்ட். பழைய துறைமுகம் மாதிரி திருவிழாக் கூட்டம் இருக்காது, ஆனா முன்னாடியே புக் பண்ணியே ஆகணும். ஜூன்ல சூரியன் மறையவே ராத்திரி 9 மணி தாண்டிடும், அதனால டின்னர்னு 8 மணிக்கு போனாலும் வெளிச்சத்துலதான் சாப்பிடுவீங்க. மதியம்னா 12 டு 2, ராத்திரி ஏழரைக்கு மேல, நடுவுல நாலு மணிக்கு போனா காபி கிடைக்கும், அடுப்பு பல இடத்துல அணைஞ்சிருக்கும். வெளிய டேபிள் கேட்டாலும் அன்னிக்கு மிஸ்ட்ரால் காத்து அடிச்சா பேசாம உள்ள போயிடுங்க, அது வடக்கிலேர்ந்து வர்ற வறண்ட காத்து, நாப்கின் மட்டும் இல்ல, மொளகு சீசாவும் பறக்கும். ஒரு சால்வை வச்சுக்கங்க.

உள்ள நுழையும்போது "போன்ஷூர்", சாயந்திரம்னா "போன்சுவார்". இதைச் சொல்லாம நேரா டேபிள் கேட்டா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க, சொல்லிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

செலவா? புயாபேஸ்ங்கிற அந்த ஊர் மீன் குழம்பு இல்லாம, ஒயின் இல்லாம, மூணு பேருக்கு 150 யூரோ எடுத்து வச்சுக்கங்க, கௌரவமா சாப்பிடலாம். யூரோவை ரூபாயா பெருக்குறதை மட்டும் மீனம்பாக்கத்துலயே முடிச்சுட்டு ஃப்ளைட் ஏறுங்க. டேபிள்ல உக்காந்து பெருக்கினீங்கன்னா பையன் மூஞ்சி வாடிடும், உங்க வீட்டுக்காரர் தொண்டையில முள்ளு சிக்கும்.

புயாபேஸ் புயாபேஸ்ங்கிறாங்களே, அது நம்ம மீன் குழம்புதானே? அதுக்கு போய் ஏழாயிரம் ரூபாயா?
– வாசகர், பெரம்பூர்

பிறப்புல நம்ம குழம்போட அண்ணன் தம்பிதான் சார். மீனவங்க நல்ல மீனை வித்துட்டு, விக்காத முள்ளு மீன், தலை பெருத்த மீனை கரையிலயே கொதிக்க வச்சு சாப்பிட்டது. பேரே சமையல் குறிப்புதான், 'கொதிக்க விடு, தீயைக் குறை'ங்கிற ரெண்டு வார்த்தை சேர்ந்ததுன்னு சொல்றாங்க. அப்புறம் டூரிஸ்ட் வந்தான், கண்ட மீனையும் போட்டு மஞ்சளா ஒரு தண்ணியைக் கொடுத்து இதுதான் புயாபேஸ்னு விக்க ஆரம்பிச்சாங்க. 1980-ல சில ரெஸ்டாரண்ட்காரங்க கூடி ஒரு சாசனமே எழுதிட்டாங்க, இந்தப் பட்டியல்ல உள்ள மீன்ல குறைஞ்சது 4 வகை இருக்கணும்னு. ராஸ்காஸ்னு ஒரு மீன், உடம்பு பூரா முள்ளு, பார்த்தா பூச்சாண்டி, அதுதான் அந்தக் குழம்புக்கு ஹீரோ. விலாங்கு மாதிரி ஒரு கடல் பாம்பு மீனும் பட்டியல்ல இருக்கு.

வர்ற விதமே வேற. முதல்ல குழம்பு தனியா ஒரு தட்டுல, வறுத்த ரொட்டித் துண்டு மேல பூண்டைத் தேய்ச்சு, 'ரூய்'ங்கிற சாஸைத் தடவி அதுல மிதக்க விடணும். ரூய்னா துரு, அந்தக் கலர்ல இருக்கும், பூண்டு, மொளகா, குங்குமப்பூ, ஆலிவ் எண்ணெய். அப்புறம் மீனை முழுசா கொண்டாந்து உங்க கண்ணு முன்னாடி முள்ளு எடுத்து வைப்பாங்க. நல்ல கடையில ஒருத்தருக்கு 60 யூரோவுக்கு மேலதான், சில இடத்துல ஒரு நாள் முன்னாடியே சொல்லி வைக்கணும்.

வாங்குறது வொர்த்தான்னு கேட்டா, முதல் ஸ்பூன்ல நம்ம நாக்கு "புளி எங்கடா"ன்னு கேக்கும். எனக்கு கேட்டுச்சு. நாலாவது ஸ்பூன்ல குங்குமப்பூவும் சோம்பு வாசனையும் ஆரஞ்சு தோலும் மெல்ல தலைகாட்டுது, அப்பதான் புளியை மறந்தேன். ஆனாலும் முதல் தடவைக்கு அவ்ளோ காசு போடாதீங்க. 'சூப் த புவாசோன்'னு கேளுங்க, மீனெல்லாம் கரைச்சு வடிகட்டின சூப்பு, அதே ரூய், அதே ரொட்டி, நாலுல ஒரு பங்கு விலை. பிடிச்சா மறுநாள் பெருசுக்கு போங்க. இல்லேன்னா பாண்டிச்சேரி பக்கம் பழைய கிரியோல் குடும்பங்கள்ல மீன் புயாபேஸ்னே ஒரு ஐட்டம் உண்டு, யாராவது தெரிஞ்சவங்க வீட்ல கூப்பிட்டா விட்டுடாதீங்க. விசா தேவையில்ல.

நாங்க சுத்த சைவம். கடலோர ரெஸ்டாரண்ட்ல எங்களுக்கு ரொட்டியும் தண்ணியும்தானா?
– வாசகர், மயிலாப்பூர்

அவ்ளோ மோசம் இல்ல மாமா. பனிஸ்னு ஒண்ணு இருக்கு, மார்சேய் ஸ்பெஷல், கடலை மாவைத் தண்ணியில கிண்டி களி மாதிரி ஆக்கி ஆறவச்சு துண்டு போட்டு எண்ணெயில பொரிக்கிறது, மேல உப்பு மொளகு. நம்ம பஜ்ஜிக்கு உள்ள காய் வைக்க மறந்துட்டாங்கன்னு நினைச்சுக்கங்க, ஆனா நல்லா இருக்கும். கத்திரிக்காய், தக்காளி, குடைமிளகாய் போட்ட ரத்தத்துய் இருக்கு, ஆட்டுப்பால் சீஸ் வச்ச சாலட் இருக்கு.

ஜாக்கிரதையா இருக்க வேண்டியது வேற இடத்துல. ரொட்டிக்கு தொட்டுக்க கருப்பா ஆலிவ் துவையல் ஒண்ணு ஃப்ரீயா கொண்டாந்து வைப்பாங்க, தபெனாத்னு பேரு, துவையல்தானேன்னு வழிச்சு சாப்பிட்டுடாதீங்க, அதுல நெத்திலி வகை மீனை அரைச்சுப் போடுறதுதான் வழக்கம். பீட்சா மேலயும் அந்த மீனே உக்காந்திருக்கும். 'வெஜிடேரியன்'னு சொன்னா மீன் சாப்பிடுவீங்கதானேன்னு சில பேர் கேப்பாங்க, அதனால "சான் வியாந்த், சான் புவாசோன்"னு சேர்த்தே சொல்லுங்க, கறி இல்லாம, மீன் இல்லாம. பக்கத்து டேபிள் வாசனைக்கு மட்டும் என்கிட்ட வழி இல்ல.

நான் மீன் யாவாரம் பண்றவ. அங்க மீன் மார்க்கெட் நம்ம காசிமேடு மாதிரி இருக்குமா? ஏலம் உண்டா?
– வாசகி, ராயபுரம்

அக்கா, உங்க கேள்விதான் இந்த வாரம் எனக்கு ரொம்ப பிடிச்சது. பழைய துறைமுகத்து முனையிலேயே காலையில மீன் விக்கிறாங்க, ஆனா காசிமேட்டோட ஒப்பிட்டா அது ஒரு தெருவோரக் கடை சைஸ்தான். வரிசையா சில டேபிள், நீலத் தொட்டியில தண்ணி, மீன் பாதி இன்னும் வாலை ஆட்டிக்கிட்டு இருக்கும். பிடிச்சுட்டு வந்த படகு பின்னாடியே நிக்கும், ஆம்பள வலையைச் சரி பண்ணிக்கிட்டு இருப்பாரு, யாவாரம் பல டேபிள்ல பொம்பளைங்க கையிலதான். குரலு உங்க குரலுக்குப் பக்கத்துல வரும். நவரை மாதிரி ஒரு சிவப்பு மீன், மத்தி, குட்டி கடம்பா, நீங்க பார்த்தா பாதிக்கு பேர் சொல்லிடுவீங்க. மதியத்துக்குள்ள கழுவி விட்டுட்டு போயிடுவாங்க. பக்கத்துலயே 46 மீட்டர் நீளத்துக்கு அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்குற ஒரு கூரை, 2013-ல நார்மன் ஃபாஸ்டர்ங்கிற கட்டடக் கலைஞர் கட்டினது, அண்ணாந்து பார்த்தா நாம தலைகீழா தெரிவோம், வெயிலுக்கு நிழலும் ஆச்சு.

ஏலம் அங்க இப்ப இல்ல, மொத்த வியாபாரம் ஊருக்கு வடக்கே வேற துறைமுகத்துக்கு போயிடுச்சு. முன்னாடி ஏலம் போட்ட பெரிய கூடம் துறைமுகக் கரையிலயே இருக்கு, 1981-லேர்ந்து அது நாடகக் கொட்டகை. பேரை மட்டும் மாத்தல, 'லா க்ரியே', அதாவது ஏலம் கூவுற இடம்.

இன்னொண்ணு, மார்சேய்க்காரன் அளந்து விடுறதுல மன்னன்னு மத்த ஊர்க்காரங்க கிண்டல் பண்ண ஒரு கதை சொல்வாங்க, ஒத்தை மத்தி மீனு துறைமுக வாசலையே அடைச்சுக்கிச்சுன்னு. ஆனா அது முழுப் பொய் இல்ல. 1780-ல 'சார்தீன்' (Sartine)னு ஒரு கப்பல் வாசல்ல சிக்கி வழியை அடைச்சுது, மத்திக்கு அவங்க பாஷையில 'சார்தீன்' (sardine), t-க்கு பதிலா d, ஒரு எழுத்துதான் வித்தியாசம், கப்பல் மீனாயிடுச்சு. அந்தக் கப்பல் எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? இங்கிலீஷ்காரங்ககிட்ட பிடிபட்டிருந்த பிரெஞ்சு சிப்பாய்ங்களை ஏத்திக்கிட்டு நம்ம பாண்டிச்சேரியிலேர்ந்து.

டிப்ஸ் எவ்ளோ வைக்கணும்? தண்ணிக்கு காசா?
– வாசகர், குரோம்பேட்டை

சர்வீஸ் விலையிலயே சேர்ந்திருக்கு, சட்டப்படி. சந்தோஷமா இருந்தா ரெண்டு மூணு யூரோ சில்லறை வச்சுட்டு வாங்க, வைக்கலேன்னாலும் யாரும் துரத்த மாட்டாங்க. தண்ணின்னு மொட்டையா கேட்டா பாட்டில் வரும், காசு. "யூன் கராஃப் தோ"ன்னு கேளுங்க, குழாய்த் தண்ணி ஜாடியில வரும், சாப்பாட்டோட அது இலவசம்னு விதி. ரொட்டியும் அப்படித்தான். இத்தாலி பக்கம் தாண்டிட்டீங்கன்னா கதை வேற, அங்க உக்காந்ததுக்கே ஆளுக்கு இவ்ளோன்னு 'கோப்பெர்த்தோ'ன்னு பில்லுல வரும், சண்டைக்கு போகாதீங்க.

எம்எஸ் படிக்கப் போறேன், ஃப்ரெண்ட்ஸோட மார்சேய் ட்ரிப். சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 15 யூரோதான். கடலைப் பார்த்து சாப்பிடணும்னு ஆசை.
– வாசகர், அண்ணா நகர்

தம்பி, கடலை பார்க்குறதுக்கு காசு வாங்குறது நாற்காலிதான், கடல் இல்ல. ஒரு தெரு உள்ள போய் பார்சல் வாங்கிக்கிட்டு வந்து துறைமுகக் கரைக் கல்லு மேல காலைத் தொங்கப் போட்டு உக்காரு, பாதி ஊரே அப்படித்தான் உக்காந்திருக்கும். பீட்சா அந்த ஊர்ல வண்டியிலயே சுட்டுக் கொடுப்பாங்க, பாதி சீஸ் பாதி நெத்திலின்னு ஒரு வகை இருக்கு, அதைச் சாப்பிடு. துறைமுகத்துலேர்ந்து அஞ்சு பத்து நிமிஷம் நடந்தா நோவாய்னு ஒரு ஏரியா, அல்ஜீரியா துனிசியா ஆளுங்க கடைகள், மசாலா மூட்டை, கொத்தமல்லிக் கட்டு, நம்ம கொத்தவால்சாவடி ஞாபகம் வந்துடும், வயிறு நிறைய சாப்பிட்டாலும் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்துல ஒரு ஐஸ்கிரீம். கல்லு மேல உக்காந்திருக்கும்போது ரொட்டியைக் கையில நீட்டிப் பிடிச்சுக்காத, கடல்புறா நம்ம மெரினா காக்காவுக்கு குரு.

நமக்கு இவ்ளோ நீள பீச் இருக்கு, ஏன் சார் மெரினாவுல இப்படி தண்ணிக்கு பக்கத்துல டேபிள் போட்ட ரெஸ்டாரண்ட் இல்ல?
– வாசகர், திருவல்லிக்கேணி

போட்டா டேபிள் ராமேஸ்வரம் போயிடும். சீரியஸா சொல்றேன். மத்தியதரைக் கடல்ல அலை ஏத்த இறக்கம்னு பெருசா ஒண்ணுமே இல்ல, ஒரு சாண், ஒண்ணரை சாண் உயரம் வித்தியாசம், அவ்ளோதான். பிரான்ஸ் நாட்டு மலை உயரத்துக்கு ஜீரோ எங்கன்னா மார்சேய் கடல் மட்டம்தான், அங்க கடலோர ரோட்டுல கருவி வச்சு 1885-லேர்ந்து 1897 வரைக்கும் அளந்து முடிவு பண்ணது. அப்படி அடங்கி இருக்குற தண்ணி, அதுவும் துறைமுகத்துக்கு உள்ள, படகும் டேபிளும் பக்கத்துல பக்கத்துல நிக்கலாம். நம்மளுது திறந்த வங்காள விரிகுடா, புயல் அடிக்கிற கடல், வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து எட்டிப் பார்த்துட்டு போகும்.

மெரினாவே இவ்ளோ அகலமா இருக்குறது துறைமுகம் கட்டினதாலதான். 1870-கள்ல கடலுக்குள்ள கல்லு சுவர் போட ஆரம்பிச்சாங்க, தெக்கிலேர்ந்து வடக்கே நகர்ற மணல் அங்க தடுக்கி விழுந்து விழுந்து சேர்ந்து கடல் தள்ளிப் போச்சு. அதே சுவருக்கு வடக்குல மணல் வரத்து நின்னு ராயபுரம் பக்கம் கரையைக் கடல் தின்னுச்சு, அதனாலதான் அங்க பாறாங்கல்லா கொட்டி வச்சிருக்காங்க. மேல சொன்ன ராயபுரம் அக்காவைக் கேளுங்க, இன்னும் சூடா சொல்வாங்க. இதுக்கு மேல கடற்கரை ஒழுங்குமுறைச் சட்டம்னு 1991-லேர்ந்து ஒண்ணு இருக்கு, கரையோரம் இஷ்டத்துக்கு கட்டிடம் எழுப்ப முடியாது. எனக்கு அதுல வருத்தம் இல்ல. கட்ட விட்டிருந்தா இன்னிக்கு மணல்ல உக்காரவே டோக்கன் போட்டிருப்பாங்க, சுண்டல்காரப் பையனை வாட்ச்மேன் விரட்டியிருப்பான். மணல்ல வறுத்த மீனு கடை வரிசையில கூட விலையைக் கேட்டுட்டு உக்காருங்க, அதை மட்டும் சொல்லிக்கிறேன்.

அங்க மீனைக் கையால சாப்பிட்டா கேவலமா பார்ப்பாங்களா? எனக்கு ஃபோர்க்ல முள்ளு எடுக்க வராது.
– வாசகர், வேளச்சேரி

மட்டி, இறாலுக்கெல்லாம் அவங்களே கையைத்தான் போடுறாங்க, கிண்ணத்துல எலுமிச்சை போட்ட தண்ணியோ ஈர டிஷ்யூவோ வரும். முழு மீனா இருந்தா முள்ளு எடுத்துத் தரச் சொல்லுங்க, டேபிள் கிட்ட நின்னு ரெண்டே ஸ்பூன்ல சர்வர் பிரிக்கிற அழகைப் பாக்கணும். ஆனா அவரு தலையையும் நடு முள்ளையும் ஒதுக்கி எடுத்துட்டு போகப் பார்ப்பாரு. அந்த 99 யூரோ மீனுக்கு என் வீட்டம்மா அப்போ மட்டும்தான் வாயைத் திறந்தாங்க. தட்டை இந்தப் பக்கம் இழுத்து, தலையை எடுத்து, கையால சாப்பிட்டாங்க. பக்கத்து டேபிள் கிழவர் பார்த்துட்டு அவரு மீனோட தலையைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கிட்டாரு.